கொதிக்க வைத்தால் போகாது: விசேலியா வாசகிக்கு ஒரு பதில்

கேள்வி: வணக்கம் டாக்டர். நாங்கள் கலிபோர்னியாவில், விசேலியாவில் இருக்கிறோம். என் ஒன்றரை வயதுப் பையனைப் பகலில் பார்த்துக்கொள்ள ஒரு மெக்சிகோக்காரப் பெண் வருகிறாள். 26 வயது, இப்போது ஐந்தாம் மாதம். போன வருடம் வரை ஆரஞ்சு பேக்கிங் ஷெட்டில் வேலை பார்த்தவள். அவள் கணவர் தோப்பில் வேலை செய்கிறார், சில நாள் மருந்தும் அடிக்கிறார். ஊருக்கு வெளியே தோப்பை ஒட்டி வாடகை வீடு, கிணற்றுத் தண்ணீர்தான். மூத்த பிள்ளை எட்டாம் மாதமே பிறந்துவிட்டதாம், அதனால் இந்தத் தடவை எதைப் பார்த்தாலும் பயப்படுகிறாள். தண்ணீர் நல்லதா என்று கேட்டாள். நன்றாகக் கொதிக்க வைத்துக் குடி என்று சொன்னேன், தினமும் அப்படியே செய்கிறாள். சரிதானே? தோப்பு மருந்தால் குழந்தைக்கு ஏதாவது ஆகுமா? என் கணவர், "அவர்களுக்கெல்லாம் இது பழகிப்போயிருக்கும், நீ போய்க் குழப்பாதே" என்கிறார். அம்மாவிடம் சொல்லி ஊரிலிருந்து கர்ப்பிணிகளுக்கான லேகியம் வரவழைத்திருக்கிறேன், கொடுக்கலாமா? குடியேற்றப் பேப்பர் இல்லாததால் ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்குகிறாள், இதுவரை இரண்டே தடவைதான் போயிருக்கிறாள். அவளைப் பயமுறுத்தாமல் என்ன சொல்வது?

பதில்: முதலில் கொதிக்க வைப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். இன்றைக்கே. மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம்.

நம் ஊரில் வளர்ந்த எல்லோருக்கும் தண்ணீர் என்றால் கிருமி, கிருமி என்றால் கொதிக்க வை, அவ்வளவுதான் பாடம். காலராவுக்கும் மஞ்சள்காமாலைக்கும் அது சரி. ஆனால் நீங்கள் இருக்கும் டுலேரி மாவட்டத்துக் கிணறுகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது நைட்ரேட். தோப்புக்கும் வயலுக்கும் கொட்டிய உரம், மாட்டுப் பண்ணைகளின் சாணம், எல்லாம் பல பத்தாண்டுகளாக மண்ணில் இறங்கி நிலத்தடி நீரில் கலந்து கிடக்கிறது. கொதிக்க வைக்கும்போது ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், நைட்ரேட் அப்படியே பாத்திரத்தில் தங்கிவிடும். ரசம் சுண்டச் சுண்டக் கரிப்பதைப் போலத்தான் இதுவும், பாதி வற்றினால் மீதித் தண்ணீரில் அதன் அடர்த்தி இரண்டு மடங்கு. நிறம் மாறாது, வாசனை வராது, ருசியிலும் தெரியாது. நல்ல மனதோடுதான் சொன்னீர்கள், அதனால் குற்ற உணர்ச்சியெல்லாம் வேண்டாம், அவரிடம் போய் "இனி கொதிக்க வைக்காதே, அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் வேண்டாம், காரணம் இது" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

இது ஒரு வீட்டுக் கதை இல்லை. 2012இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகம் டுலேரி ஏரிப் படுகையையும் சலினாஸ் பள்ளத்தாக்கையும் ஆராய்ந்து ஓர் அறிக்கை கொடுத்தது. அந்தப் பகுதிகளில் சுமார் 2,54,000 பேரின் குடிநீருக்கு நைட்ரேட் ஆபத்து இருக்கிறது, நிலத்தடிக்குப் போகும் நைட்ரேட்டில் 96 சதவீதம் விளைநிலத்திலிருந்து வருகிறது என்று சொன்னது. அதே 2012இல்தான் பாதுகாப்பான குடிநீர் மனித உரிமை என்று கலிபோர்னியா சட்டமும் போட்டது! சட்டம் வந்து இத்தனை வருடம் ஆகியும் ஈஸ்ட் ஒரோசி போன்ற ஊர்களில், அதாவது உங்கள் வீட்டிலிருந்து காரில் கொஞ்ச நேரத் தொலைவில், ஜனங்கள் குடிதண்ணீரைக் காசு கொடுத்து வாங்கிச் சுமந்துகொண்டிருந்தார்கள். அங்கே குடியிருப்பவர்கள் பெரும்பாலும் யார் என்று உங்களுக்குத் தெரியும். உரம் போட்ட லாபம் ஒருவருக்கு, தண்ணீர் செலவு இன்னொருவருக்கு.

கர்ப்பிணிக்கு இது என்ன செய்யும்? நைட்ரேட் உடம்புக்குள் போய் நைட்ரைட்டாக மாறி, ரத்தத்தில் ஆக்சிஜன் சுமக்கும் ஹீமோகுளோபினைக் கெடுக்கும். தைராய்டு அயோடினை எடுத்துக்கொள்வதிலும் குறுக்கே நிற்கும். 2021இல் கலிபோர்னியாவில் 14 லட்சம் பிரசவங்களை வைத்து ஓர் ஆய்வு வந்தது. அதில் எனக்குப் பிடித்த விஷயம், ஒரே தாயின் இரண்டு கர்ப்பங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டார்கள். ஏழை, பணக்காரி, சிகரெட் பிடித்தவள், பிடிக்காதவள் என்ற வாதமெல்லாம் அங்கே பெரிய அளவில் எழாது. குடிநீரில் நைட்ரேட் கூடியிருந்த கர்ப்பத்தில் 20 முதல் 31 வாரத்துக்குள் குழந்தை பிறந்துவிடும் வாய்ப்பு கூடியிருந்தது. சட்டப்படி அனுமதிக்கப்பட்ட அளவில் பாதியைத் தாண்டியதுமே இது தெரிய ஆரம்பித்தது, வரம்பையே தாண்டியபோது சுமார் இரண்டரை மடங்கு. மூத்த பிள்ளை எட்டாம் மாதத்தில் பிறந்ததற்கு இதுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், நீங்களும் அவரிடம் சொல்லாதீர்கள். குறைமாதப் பிரசவத்துக்குக் காரணங்கள் ஆயிரம். தண்ணீரை மாற்றுவது நம் கையில் இருக்கிறது, அதனால் மாற்றுகிறோம், அவ்வளவே.

செய்ய வேண்டியது இது. பரிசோதனை முடிவு வரும் வரை குடிக்கவும் சமைக்கவும் பாட்டில் தண்ணீர். குளிக்க, துணி துவைக்க, பாத்திரம் கழுவக் கிணற்றுத் தண்ணீரே போதும், நைட்ரேட் தோல் வழியாகப் போகாது. ஃப்ரிஜ்ஜில் வைக்கும் கரி ஃபில்டர் ஜாடி இதற்கு உதவாது, வாங்கிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். சிங்க்குக்கு அடியில் மாட்டும் ஆர்ஓ நைட்ரேட்டைக் குறைக்கும், ஆனால் கிணற்றில் அளவு மிக அதிகமாக இருந்தால் அதுவும் போதாமல் போகும், அதனால் முதலில் எண் தெரிய வேண்டும். தனியார் கிணற்றை அரசாங்கம் வந்து சோதிக்காது, நாம்தான் கேட்க வேண்டும். உங்கள் ஊர் இருக்கும் சென்ட்ரல் வேலியின் பல பகுதிகளில் 2021 முதல் கிணற்று நைட்ரேட் பரிசோதனை இலவசம், வரம்பைத் தாண்டினால் குடிதண்ணீரும் இலவசமாக வீட்டுக்கு வரும். நீர் வாரியம் உரம் போடும் பண்ணைகளுக்கும் மாட்டுப் பண்ணைகளுக்கும் விதித்த கடமை அது, தர்மம் இல்லை. அவர் கேட்க வெட்கப்பட்டால் இதை எடுத்துச் சொல்லுங்கள். வாடகை வீடு என்பதால் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கூப்பிடுவது நல்லது. போன் போட்டு, நம்பர் அழுத்தி, இருபது நிமிடம் பாட்டுக் கேட்டுக்கொண்டு காத்திருக்கும் வேலையை நீங்கள் எடுத்துக்கொண்டாலே பாதி உதவி முடிந்தது. ஆய்வகத்துக்குக் கொடுக்கும்போது ஆர்சனிக்கையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், அந்தப் பள்ளத்தாக்கு மண்ணில் அதுவும் உண்டு.

இன்னொன்று, குழந்தை பிறந்த பிறகு தாய்ப்பால் கொடுக்கலாமா என்று பயப்படுவார். தாராளமாகக் கொடுக்கலாம், நைட்ரேட் தாய்ப்பாலில் அவ்வளவாகச் சேராது. உண்மையான ஆபத்து பால்பவுடரை அந்தக் கிணற்றுத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பதுதான். அப்படிக் கொடுத்தால் கைக்குழந்தைக்கு உதடும் விரலும் நீலம் பாயும் ஒரு நோய் வரலாம், அதற்காகத்தான் சட்ட வரம்பே வைத்தார்கள்.

சரி, தோப்பு மருந்துக்கு வருவோம்.

இதைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு மெக்சிகோத் தாய்மார் கொடுத்ததுதான். சலினாஸ் பள்ளத்தாக்கில், லெட்யூஸும் ஸ்ட்ராபெரியும் விளையும் இடத்தில், பிரெண்டா எஸ்கனாசி தலைமையில் பெர்க்லி ஆய்வாளர்கள் 1999, 2000ஆம் ஆண்டுகளில் 601 கர்ப்பிணிகளைச் சேர்த்தார்கள். பெரும்பாலோர் மெக்சிகோவில் பிறந்தவர்கள், விவசாயக் கூலிக் குடும்பங்கள். சமாக்கோஸ் என்று அந்த ஆய்வுக்குப் பெயர். கர்ப்பத்தில் அந்தப் பெண்களின் சிறுநீரில் இருந்த ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்தின் மிச்சத்தை அளந்து வைத்துக்கொண்டு, பிள்ளைகளை வருடக்கணக்காகத் தொடர்ந்து பார்த்தார்கள். ஏழு வயதில் சோதித்தபோது, அளவு மிக அதிகமாக இருந்த ஐந்தில் ஒரு பங்குத் தாய்மாரின் பிள்ளைகள், மிகக் குறைவாக இருந்தவர்களின் பிள்ளைகளைவிட ஐக்யூவில் சராசரியாக 7 புள்ளி பின்தங்கி இருந்தார்கள். பிறந்த குழந்தையிடம் இந்த மருந்தைச் சிதைக்கும் நொதி பெரியவர்களைவிட மிகக் குறைவு என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது.

இதைத்தான் உங்கள் கணவருக்கும் சொல்ல வேண்டும். பழகிப்போவது மூக்கு. ஒரு வாரம் தோப்பில் நின்றால் மருந்து நாற்றம் தெரியாமல் போகும். கருவில் இருக்கும் குழந்தைக்குப் பழக ஒன்பது மாதம்கூட இல்லை. அவர் அப்படி நினைப்பதற்கு ஒரு காரணம் இருக்கலாம். இந்த நாட்டுக்கு வந்த முதல் தலைமுறை மெக்சிகோத் தாய்மாரின் குழந்தைகள் அத்தனை வறுமையிலும் நல்ல எடையோடு பிறப்பது மருத்துவர்களையே ஆச்சரியப்படுத்தும் விஷயம். சாப்பாடு, குடும்பத்தின் ஆதரவு, சிகரெட் பழக்கம் இல்லாதது என்று பல காரணம் சொல்கிறார்கள். ஆனால் இங்கேயே பிறந்து வளர்ந்த மகள்கள் பிள்ளை பெறும்போது அந்த அனுகூலம் தேய்ந்துவிடுகிறது. உடம்பு இந்தச் சூழலுக்குப் பழகும் என்றால் அடுத்த தலைமுறைக்கு நிலைமை மேலே போயிருக்க வேண்டும், கீழே ஏன் போகிறது என்று அவரிடமே கேளுங்கள்.

அந்த மருந்துகளில் பேர்போனது குளோர்பைரிஃபாஸ். நம் ஊரில் கரையானுக்கும் வயலுக்கும் அடிக்கிற அதேதான். அமெரிக்காவில் 2001லேயே வீடுகளுக்குள் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள், தோப்பில் மட்டும் இன்னும் இருபது வருடம் ஓடியது. வீட்டுக்குள் இருக்கும் பிள்ளைக்கு ஆகாதது தோப்பை ஒட்டி வசிக்கும் பிள்ளைக்கு எப்படி ஆகும் என்று யாரும் கேட்கவில்லையா என்றால், கேட்டார்கள், அதற்குத்தான் இருபது வருடம் ஆயிற்று. கலிபோர்னியா 2020 கடைசியோடு கிட்டத்தட்ட முழுவதும் நிறுத்தியது. மத்திய அரசு 2021இல் உணவுப் பயிருக்குத் தடை போட்டது, 2023இல் நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. அதனால் கலிபோர்னியாவில் இருப்பது இந்த ஒரு விஷயத்தில் அந்தப் பெண்ணுக்கு அனுகூலம். ஆனால் ஒரு மருந்து போனால் இன்னொன்று வரும், கணவர் இப்போது எதை அடிக்கிறார் என்று டப்பாவின் லேபிளைப் போட்டோ எடுத்து வரச் சொல்லுங்கள், அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அது கையில் இருக்கட்டும்.

பயமுறுத்தாமல் சொல்ல உங்களுக்கு ஒரு செய்தி தருகிறேன். நீங்கள் இருக்கும் இதே சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் 1997 முதல் 2011 வரை நடந்த 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களைப் பார்த்த ஓர் ஆய்வில், எடைக் குறைவு, குறைமாதம் போன்ற பாதிப்பு பூச்சிமருந்து மிக மிக அதிகமாக அடிக்கப்பட்ட இடத்தில் இருந்த 5 சதவீதத் தாய்மாரிடம்தான் தெரிந்தது. அவர்களிடமும் கூடுதல் ஆபத்து 5 முதல் 9 சதவீதம் என்ற அளவில். மூளை வளர்ச்சியை அந்த ஆய்வு பார்க்கவில்லை, அதனால் அலட்சியமும் கூடாது. ஆனால் தோப்பு ஓரம் வீடு என்பதாலேயே குழந்தை போயிற்று என்று ஒரு தாய் இரவெல்லாம் விழித்துக் கிடக்க வேண்டியதில்லை.

அவர்கள் வீட்டில் மாற்றக்கூடியது பெரும்பாலும் கணவரின் உடுப்பில் இருக்கிறது. தோப்பிலிருந்து வந்ததும் பூட்ஸ் வாசலுக்கு வெளியே, உடுப்பு தனிப் பையில், மூத்த பிள்ளையைத் தூக்குவதற்கு முன்னால் தலையோடு குளியல். அந்தத் துணியை யார் துவைக்கிறார் என்று கேளுங்கள். பெரும்பாலும் வயிற்றுப்பிள்ளைக்காரியே கையில் அள்ளிப் போடுவார். இனிமேல் கணவரே மெஷினில் போடட்டும், வீட்டுத் துணியோடு கலக்காமல், சுடுதண்ணீரில். கார் சீட்டையும் மறக்க வேண்டாம், வேலைக்குப் போகிற அதே காரில்தான் பிள்ளையும் உட்காருகிறது. மருந்தடிக்கும் நாளில் போட்ட பாதுகாப்பு உடையை வீட்டுக்கு எடுத்துவரவே கூடாது, சுத்தம் செய்து தருவது முதலாளி பொறுப்பு என்று மத்தியச் சட்டமே இருக்கிறது. மேஸ்திரி இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

அப்புறம் ஸ்ப்ரேடேஸ் என்று ஒன்று, 2025 மார்ச்சில் கலிபோர்னியா ஆரம்பித்தது. விலாசத்தைக் கொடுத்துப் பதிவு செய்தால், சுற்றுவட்டாரத்தில் கடுமையான வகை மருந்து அடிக்கப் போவதற்கு ஒரு நாள் முன்னால் போனுக்கு மெசேஜ் வரும், மண்ணுக்குள் புகை ஏற்றும் மருந்து என்றால் இரண்டு நாள் முன்னால். எந்தத் தோப்பு என்று சரியாகச் சொல்லாது, ஒரு சதுர மைல் கட்டம் என்றுதான் சொல்லும். எல்லா மருந்துக்கும் வராது. எனக்கு இதில் குறை நிறைய உண்டு, ஆனாலும் மெசேஜ் வந்த நாளில் ஜன்னலைச் சாத்தி, காயப்போட்ட துணியை எடுத்து, பிள்ளையின் பொம்மையை உள்ளே கொண்டுவந்து வைக்கலாம் இல்லையா, பதிந்து கொடுங்கள். திடீரென்று மூச்சுத் திணறல், எச்சில் ஒழுகுதல், கண்ணில் நீர் கொட்டுதல், வாந்தி, தசைத் துடிப்பு வந்தால் அவசர எண் 911. சந்தேகம் மட்டும் என்றால் விஷமுறிவு உதவி எண் 1-800-222-1222, எந்நேரமும் எடுப்பார்கள், பேப்பர் கேட்க மாட்டார்கள், மொழிபெயர்ப்பாளரும் கிடைப்பார்.

காற்றைப் பற்றிச் சுருக்கமாக: விசேலியா, ஃப்ரெஸ்னோ, பேக்கர்ஸ்ஃபீல்ட் மூன்றும் நுண்தூசியில் நாட்டிலேயே மோசமான பட்டியலில் வருடா வருடம் நிற்பவை. காட்டுத்தீப் புகை வரும் நாளில் அவர் தன் வீட்டில் இருப்பதைவிட உங்கள் ஏசி வீட்டில் இருப்பது நல்லது, வேலை இல்லாத நாளானாலும் வரச் சொல்லுங்கள். புழுதிக்காற்றில் வேலி ஃபீவர் என்ற பூஞ்சைக் காய்ச்சலும் உண்டு, கடைசி மூன்று மாதத்தில் அது உடம்பெங்கும் பரவும் ஆபத்து கூடுதல். வாரக்கணக்கில் போகாத இருமலும் காய்ச்சலும் இருந்தால் "சளிதான்" என்று விடாமல் வேலி ஃபீவருக்கான ரத்தப் பரிசோதனையைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும், முதல் தடவை நிமோனியா என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவது அடிக்கடி நடப்பது.

வெயிலை யாரும் ஆபத்தாக நினைப்பதில்லை. 2008 மே மாதம் ஸ்டாக்டன் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்தில் மெக்சிகோவின் வஹாகா மாநிலத்திலிருந்து வந்த 17 வயதுப் பெண் வேலை செய்யும்போதே சுருண்டு விழுந்து இரண்டு நாளில் இறந்துபோனார், இரண்டு மாதக் கர்ப்பிணி. கலிபோர்னியாவில் வெயில் பாதுகாப்பு விதி 2005லேயே வந்துவிட்டது, நிழலும் தண்ணீரும் கட்டாயம் என்று எழுதியிருந்தது. கலிபோர்னியாவில் நடந்த ஓர் ஆய்வில், ஒரு வாரத்தின் வெப்பம் 10 டிகிரி ஃபாரன்ஹீட் கூடினால் குறைமாதப் பிரசவம் சுமார் 8.6 சதவீதம் கூடியது. முன்பே குறைமாதம் ஆனவருக்கு இது முக்கியம். பணம் தேவைப்பட்டு மறுபடியும் பேக்கிங் ஷெட்டுக்கோ அறுவடைக்கோ போகலாமா என்று கேட்டால், இந்தத் தடவை வேண்டாம் என்பது என் கருத்து.

பணம் என்றதும் ஒரு விஷயம். அவருக்கு முதலாளி இப்போது யார்? நீங்கள்தான். கலிபோர்னியாவில் வீட்டு வேலைக்கு ஒரு காலாண்டில் 750 டாலரோ அதற்கு மேலோ கொடுத்தால் பதிவு செய்ய வேண்டும், வேலை செய்ய முடியாத காலத்துக்கான மாநிலக் காப்பீட்டுப் (எஸ்டிஐ) பிடித்தம் கட்ட வேண்டும். நம்மவர்கள் பலர் கையில் காசாகக் கொடுத்துவிட்டு "அவளுக்கும் அதுதான் வசதி" என்பார்கள். பிரசவத்துக்கு முன் நாலு வாரம், பின் ஆறு முதல் எட்டு வாரம் சம்பளத்தில் 70 முதல் 90 சதவீதம் அந்தக் காப்பீட்டிலிருந்துதான் வரும், குடியேற்ற நிலை அதற்குத் தடை இல்லை. வேலையில் ஆபத்து என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் முன்னதாகவே தொடங்கவும் வழி உண்டு. கணக்குப் பார்ப்பது விண்ணப்பத்துக்கு 5 முதல் 18 மாதம் முன்னால் வாங்கிய சம்பளத்தை, அதனால் பேக்கிங் ஷெட்டில் வாங்கிய பழைய சம்பளச் சீட்டுகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். அப்படியே உங்கள் வீட்டிலும் ஒரு பார்வை: கரப்பான் ஸ்ப்ரே, ஓவன் கழுவும் திரவம், பிளீச், இவற்றில் எதையும் அவர் கையில் கொடுக்காதீர்கள்.

லேகியம் வேண்டவே வேண்டாம். 2011-12இல் நியூயார்க்கில் ஆறு கர்ப்பிணிகளுக்கு ரத்தத்தில் ஈயம் ஏறியிருந்தது, காரணம் நம் நாட்டு ஆயுர்வேத மருந்துகள். எல்லா லேகியத்திலும் ஈயம் இருக்கும் என்று சொல்லவில்லை, இதில் இல்லை என்று யார் சோதித்தது? உங்கள் அம்மா மனம் கோணாமல் வேறு ஏதாவது சொல்லிக்கொள்ளுங்கள். நம் கண்மை, குங்குமம் எல்லாவற்றுக்கும் இதே பேச்சுதான். அவர்கள் பக்கமும் இது உண்டு. வயிற்று மந்தத்துக்குக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் அசார்கோன், கிரேத்தா என்ற பொடிகள் கிட்டத்தட்ட முழுக்க ஈயம்தான். ஊரிலிருந்து கொண்டுவந்த பளபளப்பு மெருகு போட்ட மண்சட்டியில் பீன்ஸ் வேகவைத்தால் ஈயம் குழம்பில் இறங்கும், அந்தச் சட்டி அவருடைய அம்மாவோ பாட்டியோ கொடுத்ததாக இருக்கும், தூக்கிப் போடு என்றால் மனம் கேட்காது, சுவரில் மாட்டி வைக்கட்டும். முகம் வெளுக்கும் க்ரீம் லேபிள் இல்லாமல் டப்பாவில் வந்ததா என்றும் கேளுங்கள், அவற்றில் பாதரசம் பிடிபட்டிருக்கிறது. சில பெண்களுக்கு மாசமாக இருக்கும்போது மண் தின்ன ஆசை வரும், நம் ஊரில் சாம்பலும் செங்கல் பொடியும் தின்பதில்லையா, அதே. திட்டாமல் கேட்டால் சொல்வார்கள். ரத்தத்தில் ஈயம் பார்க்கும் சோதனை ஒரு குத்தல்தான், கேட்டால் எழுதிக் கொடுப்பார்கள்.

இப்போது நீங்கள் கடைசியில் ஒரு வரியாக எழுதிய விஷயம், எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விட அவசரம். முன்பு எட்டாம் மாதத்தில் பிறந்தது, இப்போது ஐந்தாம் மாதம். தானாக வலி வந்து குறைமாதத்தில் பெற்றவருக்கு அடுத்த தடவை கர்ப்பப்பை வாயின் நீளத்தை ஸ்கேனில் அளந்து பார்ப்போம். அதற்குக் காலம் 16 முதல் 24 வாரம். சுருங்கியிருந்தால் மருந்து வைக்கலாம், தையல் போடலாம். 24 வாரம் தாண்டினால் அந்தக் கதவு ஏறக்குறைய மூடிக்கொள்ளும். தண்ணீரும் மருந்தும் மெதுவாகச் சரிசெய்யலாம், இதற்கு இந்த வாரமே போக வேண்டும். மூத்த பிள்ளை பிறந்த விவரத்தை அந்த இரண்டு தடவையில் கிளினிக்கில் சொன்னாரா என்று கேளுங்கள், கேட்காமல் யாரும் சொல்வதில்லை.

பயம் அநாவசியம் என்று அவரிடம் சொல்லாதீர்கள். அவர் நிலையில் நானும் பயப்படுவேன். கலிபோர்னியாவில் கர்ப்பிணிக்கு மெடி-கால் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுக்கு பேப்பர் தடை இல்லை, பிரசவத்துக்குப் பிறகும் 12 மாதம் தொடரும், சத்துணவுக்கான விக் திட்டத்திலும் அதைக் கேட்பதில்லை. இந்த வாக்கியத்தைச் சொல்வதைவிட உங்கள் காரில் கூட்டிக்கொண்டு போய் வாசலில் இறக்கி, திரும்பி வரும் வரை இருப்பது மேல். அன்றைய சம்பளத்தைப் பிடிக்காதீர்கள் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா. வீட்டில் என்ன மொழி பேசுகிறார் என்றும் கேளுங்கள். அந்தப் பள்ளத்தாக்கில் வஹாகாவிலிருந்து வந்தவர்கள் பலருக்கு மிஸ்டெக்கோவோ சபோடெக்கோவோதான் தாய்மொழி, ஸ்பானிஷ் அரைகுறை. டாக்டர் ஸ்பானிஷில் சொன்னதற்கெல்லாம் "சி, சி" என்று தலையாட்டிவிட்டு வந்து ஒன்றும் புரியாமல் மாத்திரையைப் பீரோவில் வைத்த பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மொழிபெயர்ப்பாளர் கேட்பது உரிமை, மூத்த பிள்ளையை வைத்து மொழிபெயர்க்க விடாதீர்கள்.

கடைசியாக, கிணற்றுப் பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள், எண்ணை மட்டும் எழுதாமல் அது எந்தக் கணக்கு என்றும் பார்த்து எழுதுங்கள். நைட்ரஜனாகக் கணக்கிட்டால் வரம்பு லிட்டருக்கு 10 மில்லிகிராம், நைட்ரேட்டாகக் கணக்கிட்டால் 45. இரண்டும் ஒன்றுதான், ஆனால் 30 என்று ஒரு தாள் வந்தால் முதல் கணக்கில் வரம்பைப் போல் மூன்று மடங்கு, இரண்டாவதில் வரம்புக்குள். தாளின் ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள்.